இருப்பிடம் இல்லாத பதிவுகள்

ஜனவரி 6, திங்கள்

இன்று வேலைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் நாயகம் பைக்கில் கொண்டுவந்து கல்லூரி வாசலில் விட்டார். "சாயங்காலம் கூப்பிட வரவா?" என்றார். பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்றேன்.

லீவு இன்னும் மிச்சம் இருக்கிறது. ஆபீஸ் கிளார்க் இரண்டு தடவை சொல்லிவிட்டார், "எடுத்துக்கிடலாம் மேடம், யாரும் கேக்க மாட்டாவ" என்று. வேண்டாம் என்றேன். முன்கூட்டியே திரும்பக் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. 'சொந்த விருப்பம்' என்று அவரே எழுதிக்கொண்டார்.

நூலகத்தில் என் மேசையை யாரோ துடைத்து வைத்திருந்தார்கள். அதன் மேல் இந்த டைரி இருந்தது. புத்தகக் கடைக்காரர் வருஷா வருஷம் கொடுப்பது. எழுத இடம் இருக்கிறது, எழுதுகிறேன்.

எதிர் மேசை ஜெரினாவுடையது. அவள் கம்ப்யூட்டர் ஓரத்தில் மகன் சுலைமானின் போட்டோ ஒட்டியிருக்கும். இன்று அது இல்லை. இருந்த இடம் மட்டும் சதுரமாக, அழுக்குப் படியாமல் தெரிந்தது. "வாங்கக்கா, டீ சொல்லவா?" என்றாள். சொல்லு என்றேன். குடித்தோம்.

ஜனவரி 7, செவ்வாய்

எனக்குக் கொடுத்திருக்கும் வேலை இது. எங்கள் பழைய மென்பொருளில் இருக்கும் புத்தகப் பதிவுகளை எல்லாம் 'மார்க்' என்ற வடிவத்துக்கு மாற்ற வேண்டும். வெளி நூலகங்கள் பலவும் அதில்தான் வைத்திருக்கின்றன. ஒரு வரியைப் பார்த்து இது தலைப்பு, இது ஆசிரியர் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். 245 என்றால் தலைப்பு. 100 என்றால் ஆசிரியர். 852 என்றால் புத்தகம் இருக்கும் இடம். பிப்ரவரியில் பக்கத்துக் கல்லூரிகளோடு சேர்ந்த பொதுப் பட்டியலில் எங்கள் பதிவுகளும் ஏற வேண்டும்.

நூலகர் செல்லத்துரை சார் இந்த வருஷம் ஓய்வு பெறுகிறார். "இத முடிச்சுக் குடுத்துட்டுப் போயிட்டா எனக்கு நிம்மதி, உலகம்மை" என்றார். "ஆனா ஒங்களுக்கு முடிஞ்ச அளவு செய்யுங்க. அவசரமே இல்ல." அவசரம் இருக்கிறது. எனக்காக இல்லை என்கிறார்.

பழைய எழுத்துருவில் அடித்த தமிழ்த் தலைப்புகள் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றாகத் திரும்ப அடிக்கிறேன். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்று சொல்ல அந்த வடிவத்தில் ஒரு குறி உண்டு. பூஜ்யம். ஆசிரியர் பெயருக்கு முன்னால் பூஜ்யம், பூஜ்யம் என்று போட்டுக்கொண்டே போனேன். மணி போனது தெரியவில்லை. இந்த வேலை நல்ல வேலை.

ஜனவரி 8, புதன்

புளிக்குழம்பு. அவருக்கு அப்பளம் பொரித்தேன்.

ஜனவரி 9, வியாழன்

தமிழ்த் துறை மங்கையர்க்கரசி மேடம் புத்தகம் திருப்ப வந்தார். மேல்படிப்புக்காக வெளியூர் போய்விட்டு இப்போதுதான் வந்திருக்கிறார். போன ஏப்ரலில், கிளம்புவதற்கு முன், எனக்கு வாந்தி என்று தெரிந்து நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான்.

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "ஏ உலகம்மை! அதுக்குள்ள வேலைக்கு வந்துட்டியா? என்ன பிள்ளை?"

"பொம்பளப் பிள்ளை மேடம்."

"மகாலட்சுமி! யாரு மாதிரி இருக்கா? ஒன்ன மாதிரியா, மாப்பிள்ளை மாதிரியா?"

"எனக்குத் தெரியாது மேடம்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்திருக்கிறார். ஜெரினா எழுந்துபோய் அவரைக் கையைப் பிடித்து அலமாரிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். அங்கிருந்து "ஐயோ" என்று ஒரு சத்தம் கேட்டது. மேடம் திரும்பி இந்தப் பக்கம் வரவில்லை. அவர் திருப்பிய புத்தகத்தைப் பதிந்து வைத்தேன்.

நான் பொய் சொல்லவில்லை. அக்டோபர் கடைசியில், ஒன்பதாம் மாதம், இரண்டு நாளாக அசைவு இல்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். துடிப்பு இல்லை என்றார்கள். வலி வர ஊசி போட்டு மறுநாள் எடுத்தார்கள். பார்க்க வேண்டாம், பார்த்தால் மறக்க முடியாது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் சரி என்றேன். எனக்குத் தூக்கமாக வந்தது. அவ்வளவுதான்.

ஜனவரி 10, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை. பால் வற்ற மார்பு கட்டுவதற்கு வைத்திருந்த பழைய துணிகளைத் துவைத்து மடித்து வைத்தேன். இனித் தேவைப்படாது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். எங்கள் வீட்டில் இந்த வருஷம் பொங்கவில்லை. காலையில் பெரியத்தான் வந்தார். நாயகத்தின் அண்ணன், குற்றாலிங்கம். பஸ் டிப்போவில் மெக்கானிக். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவள், பொங்கியதைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்திருந்தார். நான் கதவைத் திறந்ததும் சட்டியைப் படியில் வைத்துவிட்டு, "அக்கா குடுத்துவிட்டா" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. உள்ளே வாங்க அத்தான் என்றேன். வேலை கிடக்கு என்றார். பொங்கலன்றைக்கு என்ன வேலை.

முன்பெல்லாம் அப்படி இல்லை. "எங்க உலகு, காப்பிய போடு" என்று சொல்லிக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுவார். அக்டோபருக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்ததில்லை. ராசி இல்லாதவள் என்று நினைக்கிறாரோ என்னவோ. நினைத்தால் நினைக்கட்டும்.

பொங்கலை நாயகம் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். இனிப்பாக இருந்தது.

ஜனவரி 17, வெள்ளி

முன்பக்கம் கிழிந்துபோன ஒரு புத்தகம் வந்தது. மாட்டு வைத்தியம். தலைப்பு எங்கேயும் அச்சாகவில்லை. அப்படி இருந்தால் பதிவு செய்பவரே ஒரு தலைப்பு வைத்து, சதுர அடைப்புக்குறிக்குள் போடலாம் என்று விதி. புத்தகத்தில் இல்லாதது, நாம் கொடுத்தது என்று அதற்கு அர்த்தம். ஜெரினா 'மாடுகளும் நோய்களும்' என்று வைக்கலாம் என்றாள். வைத்தோம்.

நாயகம் தலைவலி என்று சீக்கிரமே படுத்துவிட்டார். அவர் டிராக்டர் உதிரிபாகக் கடையில் இருக்கிறார், நாள் முழுக்க நின்றே வேலை. ஒரு வாரமாக நாங்கள் பேசியது எல்லாம் கேஸ் சிலிண்டர், தண்ணீர் மோட்டார், இட்லி மாவு.

ஜனவரி 20, திங்கள்

சோதனைக்காகப் பதிவுகளைப் புது மென்பொருளுக்குள் அனுப்பிப் பார்த்தோம். முக்கால்வாசி போய்விட்டன. ஒரு கட்டுப் பதிவுகளை அது திருப்பி அனுப்பிவிட்டது. காரணம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: 852 காலி. தலைப்பு இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், எத்தனை பக்கம், என்ன உயரம் என்றுகூட இருக்கிறது. புத்தகம் எங்கே இருக்கிறது என்று யாரும் எழுதவில்லை.

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாத்துக்கும் 'பொது அடுக்கு'ன்னு போட்டுருவோமா?"

"தேடிப் பாக்கேன் சார்" என்றேன்.

ஜனவரி 23, வியாழன்

இன்று முழுக்க நடந்தேன். இயற்பியல் துறை அலமாரியில் ஒரு கட்டு கிடைத்தது. பெண்கள் விடுதியில் வார்டன் மேடம் ஒரு தடித்த கலைக்களஞ்சியத்தை டேபிள் ஃபேனுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்தார். "காத்து மூஞ்சில படணும்லா, அதுக்குத்தான்" என்றார். எடுத்துக்கொண்டு வந்தேன். பைண்டிங் கடையில், பரணில், யாரும் திரும்பக் கேட்காத ஒரு மூட்டை.

கிடைக்கக் கிடைக்க 852-ஐ நிரப்புகிறேன்.

கால் வீங்கியிருக்கிறது. வெந்நீரில் வைத்தேன்.

ஜனவரி 24, வெள்ளி

தேடினேன்.

ஜனவரி 27, திங்கள்

ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் வீட்டுக்குப் போனேன், பெருமாள்புரத்தில். அவர் இறந்து நாலு வருஷம் ஆகிறது. அவர் மனைவி ஒரு புத்தகத்தைப் பட்டுத்துணியில் சுற்றி எடுத்து வந்தார். "இத ஒங்க காலேஜுக்குத் திருப்பிக் குடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ. குடுத்தா அவுக மேசையில எடம் வெறிச்சினு ஆயிருமேன்னு வச்சிக்கிட்டேன்" என்றார். நான் வாங்கவில்லை. எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். 'வெளியில், இன்னார் வீட்டில்' என்று நிரப்ப இடம் இருக்கிறது.

ஜெரினா, "அக்கா, மதியம் சாப்பிட்டியளா?" என்று கேட்டாள். ஞாபகமில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

இன்று நூலகத்தில் சத்தம் போட்டேன். பதினோரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

இன்னும் கொஞ்சம் பதிவுகள்தான் பாக்கி. சார் என் மேசைக்கு வந்து மெதுவாகச் சொன்னார்: "போதும்மா. நெறைய கண்டுபிடிச்சிட்டீங்க. மிச்சத்த 'தொலைந்தது'ன்னு போட்டு அனுப்பிருவோம். அதுக்கும் ஒரு குறி இருக்குல்லா."

"தொலஞ்சதுன்னு யாரு சார் பாத்தா?"

"இல்லம்மா, ஒரு நடைமுறைக்கு..."

"ஒருத்தரும் தேடலயே சார். யாராவது தேடுனாவளா? எங்கயோ ஒரு எடத்துல இருக்கும்லா. கையில எடுத்துட்டுப் போன ஆளு ஒருத்தரு இருப்பாருல்லா. அவருட்ட ஒரு வார்த்த கேக்காம தொலஞ்சிட்டுன்னு எப்படி சார் போடுவிய?"

நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். வாசித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சார் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண் கலங்கியிருந்தது. எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. "ஜெரினா, நீயும் கூடப் போயி வீட்டுல விட்டுட்டு வாம்மா" என்றார்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் என்னை உட்காரவைத்தாள். முருகன்குறிச்சி தாண்டியபின் அவளாகப் பேசினாள்.

"எங்க உம்மாவுக்கு எனக்கு முன்னால ஒண்ணு அப்பிடித்தான்க்கா, உசுரு இல்லாமப் பொறந்துச்சு. வாப்பா அடக்கிட்டு வந்து, இந்த எடம், இந்தச் சுவருக்குப் பக்கத்துலன்னு சொல்லிட்டாவ. உம்மா ஒரு நாளும் அங்க போனதில்ல. ஆனா மாடிக்குத் துணி காயப்போடப் போனா அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு நிப்பாவ." பிறகு கேட்டாள்: "ஒங்களுதுக்கு எந்த எடம்க்கா?"

கண்டக்டர் சில்லறை கேட்டார். கொடுத்தேன். எனக்குத் தெரியாது என்று ஜெரினாவிடம் சொன்னேன். சொன்ன பிறகுதான், இதுவரை இதை நான் யாரிடமும் கேட்கவே இல்லை என்பது தெரிந்தது.

இறங்கும்போது, "சுலைமான் போட்டோவ எடுத்து ஒட்டு, நாளைக்கே" என்றேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஜனவரி 29, புதன்

காலையில் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"பிள்ளைய எங்க வச்சிய?" என்று கேட்டேன்.

பெட்டி சட்டையின் மேலேயே நின்றது. தீய்கிற வாசனை வந்த பிறகுதான் எடுத்தார். காலரில் பழுப்பாக ஒரு முக்கோணம்.

"எனக்குத் தெரியாது, உலகு."

"தெரியாதுன்னா?"

"நான் போகல." அவர் சுவிட்சை அணைத்தார். பெட்டியை நிமிர்த்தி வைத்தார். ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார், சூடாக இருக்கும்போதே. "நர்சு வெளிய கொண்டுவந்து நீட்டுனா. எனக்குக் கை வரல. அண்ணந்தான் வாங்கினான். 'நீ உலகுட்ட இரு, நான் பாத்துக்கிடுதேன்'னான். நான் ஒன்ட்டயும் வரல. கீழ பைக் ஸ்டாண்டுல போயி நின்னேன்."

"அப்புறம் கேக்கலயா?"

"நீ கேப்ப, அப்ப கேட்டுக்கிடலாம்னு இருந்தேன். நீ கேக்கல."

"நீங்க சொல்லுவியன்னு இருந்தேன்."

இரண்டு பேரும் தீய்ந்த சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் வேறு சட்டை போட்டுக்கொண்டார். நான் டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுத்தேன். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "ஞாயித்துக்கெழம அண்ணன்ட்ட போவோமா?" என்றார்.

சரி என்றேன்.

ஜனவரி 31, வெள்ளி

சாரிடம் போய், அன்றைக்குச் சத்தம் போட்டது தப்பு என்றேன். அவர் கையை ஆட்டினார். மிச்சம் இருந்த பதிவுகளை அவரும் ஜெரினாவும் நேற்றே பிரித்து எடுத்து வைத்திருந்தார்கள். 'தேடப்படுகிறது' என்று தனியாக ஒரு குறி உருவாக்கியிருக்கிறார். புது மென்பொருள் அதை ஏற்றுக்கொள்கிறது. மற்ற எல்லாம் உள்ளே போய்விட்டன.

பிப்ரவரி 2, ஞாயிறு

காலையிலேயே பெரியத்தான் வீட்டுக்குப் போனோம். அவர் வாசலில் உட்கார்ந்து ஷேவ் செய்துகொண்டிருந்தார். நான்தான் சொன்னேன்.

"அத்தான், எங்களுக்கு அந்த எடத்தக் காட்டணும்."

அவர் பாதி முகத்தில் சோப்போடு என்னைப் பார்த்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தார். உள்ளேயிருந்து அக்கா, "பொம்பளைய அங்கெல்லாம் போகப்பிடாதும்பாவ" என்றாள். "இவ போலாம்" என்றார் அத்தான். துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, மீதித் தாடியோடேயே சட்டையை மாட்டினார்.

ஆற்றங்கரையில், தகனமேடையைத் தாண்டி உள்ளே போக வேண்டும். சிறு பிள்ளைகளுக்கென்று ஓரமாக ஒரு பகுதி. கருவேல மரங்கள். எருமை ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. அத்தான் கொஞ்ச தூரம் வேகமாக நடந்தார், பிறகு மெதுவாக, பிறகு நின்றுவிட்டார்.

"ஒரு கல்லு நட்டிருந்தேன். மழைக்கு ஆத்துல தண்ணி ஏறிச்சுல்லா, கல்லக் கொண்டுபோயிட்டு." இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து பார்த்தார். "இந்த மரத்துக்கும் அந்த இடிஞ்ச சுவருக்கும் நடுவுல. இதுல சந்தேகம் இல்ல. சரியா எந்த எடம்னு... ரெண்டு தடவ வந்து பாத்தேன். பிடிபடல. ஒன் மூஞ்சில எப்பிடி முழிக்க, உலகு? நீ கேட்டா என்ன சொல்லுவேன்? அதான் ஒன் வீட்டுப் படியேறல."

மரத்திலிருந்து சுவர் வரை ஒரு பெரிய அறை அளவுக்கு இடம். வண்டல் மண், அதன் மேல் பச்சையாகப் புல் முளைத்திருந்தது. நான் அந்த இடம் முழுவதையும் பார்த்தேன். போதும் என்று தோன்றியது. அதற்குள்தான் எங்கேயோ இருக்கிறாள்.

"தல எந்தப் பக்கம் அத்தான்?"

"தெக்க."

"எதுல சுத்தியிருந்திய?"

"ஆஸ்பத்திரியில குடுத்த துணி ஈரமா இருந்துச்சு. என் சட்டையக் கழட்டிச் சுத்தினேன். வெள்ளச் சட்ட, தீவாளிக்கு எடுத்தது. முடி நெறைய இருந்துச்சு, உலகு. நெத்தி வரைக்கும்."

நாயகம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பைக்கிலயா கொண்டுவந்திய?"

"இல்லம்மா. ஆட்டோல. மடியில வச்சிக்கிட்டு வந்தேன், பனியன் மட்டும் போட்டுக்கிட்டு. ஆட்டோக்காரன் கண்ணாடியில பாத்துட்டு, 'பிள்ள தூங்குதா அண்ணாச்சி?'ன்னு கேட்டான். ஆமான்னேன். வேற என்ன சொல்ல? அதுக்கு அப்புறம் அவன் பாட்டை நிறுத்திட்டாம்மா. ரோடு பூரா குழியா கெடந்துச்சு அப்ப. ஒவ்வொரு குழிக்கும் வண்டிய நிறுத்தி, நிறுத்தி, மெதுவா இறக்கி ஏத்துனான். பின்னால பஸ்காரன் ஹார்ன் அடிச்சான். இவன் கைய வெளிய நீட்டி, 'பிள்ள தூங்குது, பொறு'ன்னு சத்தம் போட்டான்."

"அந்த ஆட்டோக்காரரு பேரு தெரியுமா அத்தான்?"

"கேக்கலியே."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. சத்தமாக வந்தது. எருமை தலையைத் தூக்கிப் பார்த்தது. பெரியத்தான் கொஞ்சம் தள்ளிப் போய் ஆற்றைப் பார்த்து நின்றார். நாயகம் என் பக்கத்தில் வந்து, புல்லின் மேல் எங்கே உட்காருவது, எங்கே உட்காரக் கூடாது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்துவிட்டு, நின்றபடியே என் தலையில் கையை வைத்தார்.